செங்கல் சுவரில் ஓடிய அலைகள்

அந்தப் பள்ளிக்கூடத்தின் இணையதளத்துக்குப் படம் ஏற்றுகிறவளை எல்லாரும் பூதக்கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பாள். குழுப் படத்தில் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை கண்ணை மூடியிருந்தாலும் வேறு படம் தேடி எடுத்துத்தான் போடுவாள். பதினோரு வருஷத்தில் அவள் போட்ட படத்தை யாரும் குறை சொன்னதில்லை. அன்று காலை ஒன்பது மணிக்குள் நாற்பது பேர் சொன்னார்கள்.

புதுக் கட்டடத்தின் படம் அது. நாலு மாடி, பூச்சு பூசாத செங்கல் முகப்பு. கட்டிய மேஸ்திரி அவளுடைய சொந்தத் தம்பி. முந்தின நாள் சாயங்காலம் தலைமையாசிரியை, "இன்னைக்கே போட்டுடுங்க, பெத்தவங்க கேட்டுட்டே இருக்காங்க" என்று அவசரப்படுத்தினார். இவளும் சட்டென்று படத்தைச் சுருக்கி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் அதைப் போனில் திறந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் மேல் போன் போட்டார்கள். சுவர் முழுக்க வளைவு வளைவாகப் பட்டைகள். நடுவில் சுவரே வயிறு தள்ளி நிற்பதுபோல் தெரிந்தது.

அவள் வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் அத்தனை பேரும் மைதானத்தில் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே பெற்றோர் கூட்டம். தம்பி சுவர் ஓரமாகத் தனியே நின்றான். கையில் சுவர் நேராக நிற்கிறதா என்று நூல் விட்டுப் பார்க்கிற தூக்குக்குண்டு.

"மூணு இடத்துல விட்டுப் பாத்துட்டேன் அக்கா. நூல் பிசகல. படத்துல தெரியுதேங்கறாங்க. நான் என்ன சொல்ல?"

அவள் போனில் படத்தைப் பார்த்தாள். "தப்பு சுவத்துல இல்லடா. எங்கிட்ட."

அலுவலக அறையில் தலைமையாசிரியை, கட்டடத்தைப் பார்க்க வரவழைத்த இஞ்சினியர், கூடவே வந்த தம்பி, பெற்றோர் சார்பில் ஒரு பஸ் டிரைவர். டிரைவரின் பெண் மூன்றாம் மாடியில் படிக்கிறாள். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

"படம் பொய் சொல்லுமாம்மா?"

"சுருக்குற மாதிரி சுருக்கலன்னா சொல்லும்ங்க."

கேமராவிலிருந்து வந்த பெரிய படத்தைத் திறந்தாள். செங்கல் வரிசைகள் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன.

"இதுல அகலத்துக்கு ஆறாயிரம் புள்ளி. வெப்சைட்டுக்கு அறுநூறு போதும். நேத்து அவசரத்துல பத்துக்கு ஒரு புள்ளிய எடுத்துக்கிட்டு மீதிய தூக்கிப் போட்டுட்டேன். எடுத்த புள்ளி ஒரு இடத்துல செங்கல் மேல விழும், கொஞ்சம் தள்ளி நடுவுல இருக்கிற சாந்து மேல விழும். செங்கல் விழுந்த இடமெல்லாம் சிவப்பா ஒரு பட்டை, சாந்து விழுந்த இடமெல்லாம் வெளுப்பா ஒரு பட்டை. அதைத்தான் நீங்க உப்பல்னு பாக்கறீங்க."

"நல்லாத்தான் சொல்றீங்க. மேஸ்திரி உங்க தம்பியாமே?"

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். அதே படத்தை முந்தின நாள் மாதிரியே ஐநூற்றைம்பதுக்குச் சுருக்கினாள். வயிறு தள்ளியிருந்த இடம் நேராகி, மூலையில் வேறொரு வளைவு கிளம்பியது. எழுநூறுக்குச் சுருக்கினாள். பட்டைகள் திசை மாறிச் சாய்ந்தன.

"சுவர் உப்பியிருந்தா எந்த அளவுல பாத்தாலும் அதே இடத்துல உப்பணும். இது இடம் மாறிட்டே இருக்கு பாருங்க." பிறகு முறையாகச் செய்தாள். "மொதல்ல லேசா மங்கலாக்கணும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளியெல்லாம் கலக்கும். அப்புறம்தான் சுருக்கணும்."

அலைகள் போய்விட்டன. திரையில் அமைதியாக ஒரு செங்கல் சுவர் நின்றது.

டிரைவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இஞ்சினியர் தம்பியின் தோளைத் தட்டினார். பிள்ளைகளை உள்ளே கூப்பிடத் தலைமையாசிரியை மைக்கை எடுத்தார்.

பூதக்கண்ணாடி மட்டும் நிமிரவில்லை. மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலின் இடது மேல் மூலையில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அலைகள் இருந்தவரை அதற்குள் ஒளிந்திருந்தது. ஐநூறுக்குச் சுருக்கினாள், அங்கேயே இருந்தது. எண்ணூறுக்குச் சுருக்கினாள், அசையவில்லை. பெரிய படத்தில் போய்ப் பார்த்தாள். படிக்கட்டு மாதிரி, சாந்து வழியே ஏழு வரிசைக்கு ஏறிப் போயிருந்தது ஒரு விரிசல்.

அவளுக்குப் பின்னால் தம்பி மூச்சு விடுவது கேட்டது. அவனும் பார்த்துவிட்டான்.

"அக்கா." காதுக்கு மட்டும் கேட்கிற குரல். "எல்லாரும் கிளம்பட்டும். ராத்திரிக்குள்ள நானே பாத்துடறேன்."

பத்து வருஷம் கல் சுமந்தவன். சொந்தமாக எடுத்த முதல் பெரிய வேலை. படத்தை மூடிவிட்டால் அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் சுட்டியை விட்டுக் கையை எடுத்தாள். மைக் கரகரத்தது.

"மேடம், கூப்பிடாதீங்க" என்றாள்.

இஞ்சினியர் ஏணி வைத்து ஏறி, விரிசலில் சாந்தைச் சுரண்டிப் பார்த்தார். கீழே எல்லாரும் அண்ணாந்து நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு மேலே வைத்த கான்கிரீட் சட்டம் இடது பக்கம் சுவரில் போதுமான அளவு ஏறி உட்காரவில்லை, விரலகலம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. "இன்னைக்கே விழும்னு சொல்ல மாட்டேன். விழாதுன்னும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் இஞ்சினியர். தம்பி அதைக் கேட்டுவிட்டுத் தலைமையாசிரியையிடம் போனான். அந்தச் சட்டம் வைத்த அன்று தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாதியில் போனதையும், திரும்பி வந்து சரிபார்க்காததையும் அவனே சொன்னான்.

மூன்று வாரம் வகுப்புகள் பழைய கட்டடத்தில் நடந்தன. தம்பி ஜன்னலைப் பிரித்துத் திரும்பக் கட்டினான். தினமும் அவள் அறையைத் தாண்டித்தான் போவான். எட்டிப் பார்க்க மாட்டான். அவள் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. வேலை முடிந்த அன்று மத்தியானம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அறை வாசல்படியிலேயே நின்றான்.

"நான் அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சிக்காத."

"வைக்கல. உள்ள வா."

"இல்ல, நிறைய வேலை கெடக்கு. சனிக்கிழமை ஒரு வீடு முடிச்சுக் குடுக்கறேன். குடுக்கறதுக்கு முன்னால நீ வந்து ஒருதரம் படம் எடுத்துப் பாக்கறியா?"

போனாள். நாலு பக்கமும் சுற்றி நாற்பத்தொரு படம் எடுத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றாள். தம்பி நம்பவில்லை. அவளை உட்கார வைத்து மறுபடி முதல் படத்திலிருந்து பார்க்கச் சொன்னான்.