தமிழில் எழுதினால் ஓட்டு செல்லுமா? பெல் ஒம்ப்ருக்கு இரண்டு நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு கடிதம். என் கணவரின் அக்கா லெட்சமி, தீவின் தெற்கில் பெல் ஒம்ப்ர் கரும்புத் தோட்டத்தில் களை எடுக்கும் வேலை செய்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு பிரெஞ்சில் எழுதி அனுப்பியிருந்தார். “புதன்கிழமை காலை வாக்காளர் பதிவு அதிகாரி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் தமிழில் எழுதினால் செல்லாது என்று சர்தார் சொல்கிறார். உண்மையா? உனக்குத்தான் தெரியும். வந்துவிடு.”

சர்தார் என்பவர் தோட்டத்தில் கூலி ஆட்களை மேய்க்கிறவர். அவர் சொல்வதற்கு அங்கே எடை அதிகம். ஆனால் அவர் சொன்னது தவறு. இந்த 1948இல் நம் தீவில் சட்டம் மாறியிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவரை சொத்தோ நல்ல வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. இப்போது இருபத்தொரு வயதான ஆண், பெண் யாராக இருந்தாலும், எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஏற்றுக்கொள்ளப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அறிவிப்பைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளி விடுமுறை என்பதால் எனக்கு (நான் போர்ட் லூயியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை) விடுப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பெண் தனியாகப் போகலாமா என்று நம் வாசிப்புக் கூட்டத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். போகலாம். ஜன்னல் ஓரம் இடம் பிடிக்க மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை 6.15 ரயில். சூயாக் வரை மூன்றாம் வகுப்பு எழுபத்தைந்து சென்ட். ஏறக்குறைய முப்பத்து மூன்று மைல், நடுவில் ரோஸ் பெல்லில் வண்டி மாற வேண்டும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் மூச்சு வாங்குகிறது. கியூர்ப்பிப்பில் எப்போதும்போல மழைத்தூறலும் குளிரும். சால்வை எடுத்துப் போகாதது என் முதல் தவறு.

ரோஸ் ஹில்லில் ஏறிய ஜவுளி வியாபாரி ஒருவர் என் கையிலிருந்த அறிவிப்பைப் பார்த்ததும் பேச்சைத் தொடங்கினார். நம்மவர்தான், ஆனால் பேசியது தீவின் பொதுப் பேச்சான கிரியோலில். (இந்தக் கட்டுரையில் பெரும்பாலான பேச்சு கிரியோலில் நடந்தது. தமிழாக்கி எழுதுகிறேன்; ‘மிசியே’ என்றால் ஐயா, ‘மதாம்’ என்றால் அம்மா.)

“எனக்கு முன்னாடியே ஓட்டு இருக்கும்மா. வரி கட்டறவன் ஓட்டுப் போடறான். அது ஒரு ஒழுங்கு. இப்ப ரெண்டு வரி எழுதினா ஓட்டுங்கறாங்க. ரெண்டு வரி எழுதறவனுக்கு நாட்டைப் பத்தி என்ன தெரியும்?”

எதிரே உட்கார்ந்திருந்த ரயில்வே தச்சர், கிரியோல்காரர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார். “முப்பத்தேழுல தோட்டத்துல ஜனங்க கூலி கேட்டு நின்னாங்க. துப்பாக்கிதான் பதில் சொல்லிச்சு. அன்னிக்கு அவங்களுக்கு ஓட்டு இருந்திருந்தா யாராவது முதல்ல காது குடுத்துக் கேட்டிருப்பாங்க. நாட்டைப் பத்தி அவங்களுக்குத் தெரியாதுன்னா வேற யாருக்கு மிசியே தெரியும்?”

வியாபாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்பட்டாரா என்று தெரியவில்லை. ரோஸ் பெல்லில் நான் இறங்கும்போது என் பையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். “தமிழ்லயே எழுதச் சொல்லு. அழிஞ்சு போகாம இருக்கட்டும்” என்றார். அதை மட்டும் தமிழில் சொன்னார்.

சூயாக் சேர்ந்தபோது மணி 9.20. ரயில் அதோடு முடிகிறது. பெல் ஒம்ப்ருக்கு அங்கிருந்து கடலோரமாக ஒன்பது மைலுக்குக் கொஞ்சம் கூட. பத்து மணி பஸ் பத்தே முக்காலுக்குக் கிளம்பியது. கட்டணம் நாற்பது சென்ட். நிலையத்துக்கு எதிரே சூடாக மிளகாய் வடை கிடைக்கும், காதோ பிமா என்று கேளுங்கள். இடது பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் கடல். வலது பக்கம் கரும்பைத் தவிர ஒன்றும் தெரியாது. நான் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

ஆலைப் புகைபோக்கி தெரிந்ததும் இறங்கிவிட வேண்டும். லெட்சமி அக்காவின் கணவர் வீராசாமி மாமா வழியில் காத்திருந்தார். தோட்ட மாட்டுவண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அன்று வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். காரணம் வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. அக்காவுக்குக் கோவில் வகுப்பில் கற்ற எழுத்து இருக்கிறது. மாமாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து இல்லை.

அவர்கள் இருப்பது தோட்டத்து லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியவற்றில் ஒன்று. அன்று மத்தியானம் பயிற்சிக்காக அங்கே அக்காவோடு சேர்த்து ஐந்து பெண்கள் கூடினார்கள். களை வேலை முடித்து, கால் சேற்றைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பக்திப் பாட்டுப் புத்தகம் படிக்க வரும். ஆனால் பென்சிலைப் பிடித்து வருஷக்கணக்காகிறது. அங்கம்மா என்பவர் நல்ல குரல்காரர், திருவிழாவில் அவர்தான் முன்பாட்டுப் பாடுவாராம். ‘அ’ எழுதுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

இடையில் நான் கேட்டேன்: “ஓட்டு கிடைச்சா என்ன கேப்பீங்க?”

அங்கம்மா உடனே சொன்னார்: “குழாய். இத்தனை வீட்டுக்கு ஒரே குழாய்.”

இன்னொருத்தி பிரசவத்துக்கு நர்ஸ் வேண்டும் என்றாள். அக்கா என் பக்கம் திரும்பினார். “வேலை போனா வீடும் போகுது பார்வதி. வீடு தோட்டத்தோடது, அதனால அவங்க சொன்னதுக்கெல்லாம் சரின்னு சொல்ல வேண்டியிருக்கு. வேலைய விட்டு நீக்கினாலும் கொஞ்ச காலம் வீட்டுல இருக்கலாம்னு ஒரு சட்டம் வேணும். அத யாருகிட்டக் கேக்கறது? ஓட்டு இருந்தா கேக்க ஒரு ஆள் இருப்பார்.”

வாசலில் மாட்டுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த மாமா தலை நிமிராமல் சொன்னார்: “தோட்டத்துக் கான்ட்ராக்ட்ல என் கட்டைவிரல் செல்லுது. வருஷம் பூரா வேலை வாங்கிக்கறாங்க. ஓட்டுக்கு மட்டும் அதே விரல் செல்லாதா?”

சட்டம் எனக்குத் திறந்த கதவு அவருக்கு மூடியிருக்கிறது என்பதை அறிவிப்பைப் படித்தபோது நான் நினைத்துப் பார்க்கவேயில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தெரிந்தேதான் ஐந்து பேரும் வந்தார்கள். மாமாவும் வந்தார். எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, “வண்டியில கூட்டிட்டுப் போக ஆள் வேணாமா?” என்றார். பள்ளிக்கூடம் கால் மணி நேர நடை.

அதிகாரி ஐம்பது வயதுக் கிரியோல்காரர். கண்ணாடியைத் துடைத்தபடி என் அறிவிப்பை முழுவதும் படித்தார்.

“மதாம், தமிழ் செல்லும். சட்டத்துல இருக்கு, நான் மறுக்கல. ஆனா எனக்குத் தமிழ் தெரியாது. இவங்க எழுதினது வாக்கியமா கிறுக்கலான்னு நான் எப்படி நம்பறது? நீங்க சொல்றத நம்பணும். நீங்க இவங்க சொந்தக்காரங்க.”

நியாயமான கேள்விதான். சர்தாரின் பேச்சு பொய்யென்றாலும் அதற்குள் இப்படி ஒரு சிக்கல் இருந்தது. அதிகாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். படிப்புக்கு: அக்கா வெளியே நிற்க, அவர் கிரியோலில் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதைத் தமிழில் எழுதுவேன். அக்கா உள்ளே வந்து படித்துப் பொருள் சொல்ல வேண்டும். எழுத்துக்கு: நான் வெளியே போக வேண்டும், அவர் சொல்வதை அக்கா எழுத வேண்டும், நான் வந்து படிக்க வேண்டும். இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்வார்.

படிப்பு சுலபமாக முடிந்தது. ‘மேசை மேல் மூன்று பேனா இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். அக்கா விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார், பேனாவை எண்ணிப் பார்த்தார், “ரெண்டுதான் இருக்கு மிசியே” என்றார். மூன்றாவது அதிகாரியின் காதில் இருந்தது. அவர் அதை எடுத்து மேசையில் வைத்தார்.

அடுத்தது எழுத்து. நான் வெளியே போய் மரத்தடியில் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். கூப்பிட்டதும் உள்ளே போய்க் காகிதத்தைப் பார்த்தேன். இப்படி இருந்தது:

லாபலி பெ தொமபே மொ பா பு அல தரவாய

புள்ளி ஒன்றுகூட இல்லை. எந்தச் சொல்லும் தமிழ்ச் சொல் இல்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்விட்டுக் கேட்க முடியாது. அதிகாரி பேனாவைக் கையில் பிடித்திருந்தார். வேறு வழியில்லாமல், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல முதல் எழுத்திலிருந்து மெல்லச் சத்தமாகக் கூட்டிப் படித்தேன். “லா... ப... லி...” மூன்றாவது எழுத்தில் காது பிடித்துக்கொண்டது. லாப்லி. மழை. அக்கா தமிழில் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி சொன்ன கிரியோலை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்.

“லாப்லி பே தோம்பே, மோ பா பு அல் த்ராவாய்” என்று படித்தேன். மழை பெய்கிறது, நான் வேலைக்குப் போக மாட்டேன்.

“சா மெம்” என்றார் அவர். அதேதான். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். அக்கா மெல்லச் சொன்னார்: “மழைன்னு தமிழ்ல தெரியும் பார்வதி. ஆனா எழுதப் போனா ழகரம் லகரம் எல்லாம் வந்து குழப்பிருச்சு. வீட்ல பேசறாப்பல எழுதிட்டேன்.”

அதிகாரி மறுபடியும் அறிவிப்பைப் புரட்டினார். “இப்ப நான் எந்த மொழின்னு போடறது? எழுத்து தமிழ். பேச்சு கிரியோல்.”

“ரெண்டும் பட்டியல்ல இருக்கு மிசியே” என்றேன்.

அவர் பேனாவை மையில் தோய்த்து எழுதினார். எந்த மொழி என்று எழுதினார் என்பதை நாங்கள் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அக்காவின் பெயரை எழுதியதைப் பார்த்தோம்.

ஐந்து பேரில் நான்கு பேர் பதிவானார்கள். அங்கம்மாவால் முடியவில்லை. படித்துவிட்டார். எழுத உட்கார்ந்ததும் இரண்டு சொல்லுக்கு மேல் கை நகரவில்லை. அதிகாரி பொறுமையாகத்தான் இருந்தார், இரண்டு தடவை வாய்ப்புக் கொடுத்தார். அங்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது எங்கள் சந்தோஷம் பாதியாகிவிட்டது. “இந்த மாசம் முடியற வரைக்கும் சூயாக்ல உக்காருவேன். பயிற்சி எடுத்துட்டு வாங்க” என்றார் அதிகாரி.

“நடந்தே வருவேன்” என்றார் அங்கம்மா. ஒன்பது மைல் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

திரும்பும் வழியில் மாமா வண்டியைக் கடலோரப் பாதையில் விட்டார், அது சுற்று வழி. ஃபிலாவோ என்னும் சவுக்கு மரங்களுக்கு நடுவே பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். நர்ஸுக்கு முன்னால் குழாயா, குழாய்க்கு முன்னால் வீட்டுச் சட்டமா என்று சண்டை. நேற்று இதே பேச்சு வேண்டுதல்போல இருந்தது. இன்று கணக்குக் கேட்கப் போகிறவர்களின் பேச்சாக இருந்தது. எனக்கும் இந்த வருடம்தான் முதல் ஓட்டு. தலைநகரில் மேசைக்கு முன்னால் இரண்டு நிமிடத்தில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துப் பதிந்துவிட்டேன். ஓட்டு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது இந்த வண்டியில்தான்.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதிவு மேசைகள் இந்த மாதக் கடைசி வரைதான். பெல் ஒம்ப்ரில் மட்டுமில்லை, வடக்கே ரிவியேர் டு ராம்பார் பக்கமும் தமிழ் படிக்கத் தெரிந்து, எழுதப் பயந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அச்சிட்ட அறிவிப்பைக் கையோடு கொண்டு போங்கள். வாய்ச்சொல் சர்தாரிடம் எடுபடாது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டால் மேலே சொன்ன முறையை நீங்களே பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். மை வேண்டாம், மென்மையான பென்சில் போதும். ஒரு நாள் முன்னதாகப் போய்ப் பழக்குங்கள், எழுத்தழகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அரிசி ரேஷனில் இருப்பதால் உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போங்கள், தங்கும் வீட்டார் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். எழுதத் தெரிந்தவர்களை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டு ஒருவர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். அன்று நான் கூப்பிடவில்லை.

அதை வேறொருவர் செய்திருக்கிறார். நேற்று ஒரு கடிதம் வந்தது. இந்த முறை பக்கத்து வீட்டுக்காரர் எழுதவில்லை. தமிழ் எழுத்து, கிரியோல் பேச்சு, புள்ளிகள் அங்கங்கே. நான் உரக்கக் கூட்டிப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் அங்கம்மாவும் மாமாவும் அக்காவிடம் உட்கார்ந்து எழுதுகிறார்களாம். அங்கம்மா முழு வாக்கியம் எழுதிவிட்டார். மாமாவுக்கு ‘வீரா’ வந்துவிட்டது, ‘சாமி’ பாக்கி. மாத முடிவுக்குள் மாமா வாக்கியத்துக்கு வர முடியாமல் போகலாம் என்று அக்காவே எழுதியிருக்கிறார். அதை மாமாவிடமும் சொல்லியிருக்கிறார். “இந்தத் தடவை இல்லன்னா அடுத்த தடவை. தேர்தல் ஒண்ணோட முடியறதா?” என்றாராம் அவர்.

அங்கம்மா எழுதுவதை அதிகாரிக்குப் படித்துச் சொல்ல, வெள்ளிக்கிழமை 6.15 ரயிலில் நான் மறுபடியும் சூயாக் போகிறேன். சால்வையோடு.