பையில் ஏறாத டப்பா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. கட்டடத்தின் உச்சியில், கிணறு மாதிரி இருண்ட குழிக்குள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிரீஸ் தடவுகிற ஆள். அப்படிப்பட்ட மனுஷனுக்கு, சாயங்காலம் ஒரு பையைக் கட்டி முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டியது.

காரணம் மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். "ஒரு வருஷமா தூண்டில் கம்பு பரண்ல தூங்குது. நாளைக்குக் கடலுக்குப் போறோம், நானும் வரேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அவர் படகில் போய்ப் பிடிப்பவர் இல்லை. கடல் வற்றும் நேரம் பார்த்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, இறகும் மினுக்கு நூலும் சுற்றிய பொய் இரையைச் சாட்டை மாதிரி வீசுவார். சித்தப்பா மகன் பழக்கிவிட்ட பைத்தியம் அது. போன வருஷம் மீன் மேலேயே கண்ணாக இருந்தவர், முதுகுப் பக்கம் தண்ணீர் ஏறியதைக் கவனிக்கவில்லை. திரும்பினால் நடந்து வந்த மணலைக் காணோம். மார்பு வரை போட்டிருந்த ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்து ஆளைக் கீழே இழுத்தது. கூட வந்திருந்த அந்தத் தம்பிதான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். வீட்டில், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி மூடிவிட்டார். அதோடு கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ரீல், குறடு, விசில், தண்ணீர் உள்ளே புகாமல் இடுப்பை இறுக்கும் பெல்ட் இரண்டு, கயிறு, அதற்கு மேல் இன்னொரு கயிறு.

"மீன் பிடிக்கப் போறீங்களா, வீட்டைக் காலி பண்றீங்களா?" என்றாள் மனைவி.

"கயிறு எதுக்குப்பா? மீனைக் கட்டிவச்சு அடிக்கவா?" என்றாள் மகள்.

அவரும் சிரித்தார். இரை டப்பாவை எடுத்தபோது புத்தி ஒரு வழி சொன்னது. சோப்புக்கட்டி அளவு டப்பா. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சுமை. நைசாக அதைப் பழைய ஷூவுக்குள் திணித்து, அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

மறுநாள் கரையில் பையைத் துழாவிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா, இரை டப்பாவை மறந்துட்டேன்மா. வா, திரும்பலாம்."

மகள் தன் பாக்கெட்டிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். "நீங்க ஒளிச்சதைப் பாத்துட்டேன். ஷூவுக்கு மீன் பிடிக்கத் தெரியுமாப்பா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கியது. "என்னப்பா ஆச்சு?"

ஒன்று விடாமல் சொன்னார்.

"காப்பாத்தின சித்தப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாது, அப்படித்தானே?"

"உங்கம்மா காதுல விழுந்தா கம்பை ஒடிச்சு அடுப்புல வச்சிருப்பா."

அவள் டப்பாவை அவர் கையில் வைத்தாள். "நீங்க நில்லுன்னு சொல்ற இடத்தைத் தாண்ட மாட்டேன். திரும்புன்னா திரும்பிடுவேன். ஏன்னு கேட்க மாட்டேன். போதுமா?"

அவளுடைய பெல்ட்டை அவரே இறுக்கினார்.

"மூச்சு முட்டுதுப்பா."

"முட்டட்டும்."

முழங்கால் அளவில் நிறுத்தினார். அவள் கடலைப் பார்த்து வீசினாள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியில் காய்ந்து கிடந்த ஒரு கறுப்புக் கல்லையே பார்த்தபடி நின்றார்.

"அப்பா, மாட்டிக்கிச்சு! பெரிசுப்பா, பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. கல்லின் அடி அப்போதுதான் நனைந்திருந்தது.

"திரும்பு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. குறட்டால் தூண்டில் நரம்பை நறுக்கினாள். கரை ஏறும் வரை அவளுடைய சட்டைக் காலர் அவர் கைப்பிடிக்குள்ளேயே இருந்தது.