ஐம்பத்தாறு நாள் ரோடு கமிஷனர்

வில்மா ப்ரௌட்டி இருபத்தாறு வருஷம் ஹாரிங்ஃபோர்ட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எவனும் அவள் கரண்டிக்குப் பயந்து ஒரு தடவையாவது வேகவைத்த பட்டாணியை விழுங்கியவன்தான். ஓய்வு பெற்றபோது ஊர் அவளுக்கு ஒரு கடிகாரம் கொடுத்தது. அரசாங்கத்தோடு அவளுக்கு அதுவரை இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள்.

ஜூலை மாதம் இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழையில், அவள் வீட்டுக்குப் போகும் மண் சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடை பொங்கி, சாலைக்கு அடியில் கிடந்த குழாயை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சாலை இருந்த இடத்தில் ஒன்பது அடி அகலத்துக்குப் பள்ளம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடுதான், அது வில்மாவுடையது.

அவள் புருஷன் எர்லுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் வேன் வந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும். வேன் ஓடையோடு நின்றுவிட்டது. வில்மா இரண்டு பலகையைப் போட்டாள். மூன்றாம் நாள் எர்ல் கால் இடறித் தண்ணீரில் விழுந்தான். அன்றைக்கே அவன் தங்கை மேவிஸ் வந்து, ஊருக்குள் இருக்கும் தன் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் முன்னறை சோபாவில் படுக்க வைத்தாள்.

"ரெண்டு வாரம்தானே வில்மா. ரோடு போட்டதும் வந்துடப்போறான்" என்றாள் மேவிஸ்.

வில்மாவால் கூடப் போக முடியவில்லை. பதினோரு கோழி, இரண்டு மாடு, குளிர் வந்தபின் அணைய விட்டால் வீட்டுக் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும் விறகு அடுப்பு. நாற்பத்தொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் சண்டை போட்ட புருஷனும் பெண்சாதியும் நாலு மைல் இடைவெளியில், விவாகரத்துக்கு மனுப் போட்டவர்களைப் போலக் குடியிருந்தார்கள்.

முதலில் அவள் போனது லைமன் டட்டனிடம். ஊரை நடத்தும் மூன்று பேர் குழுவுக்கு அவன்தான் தலைவன். மற்ற நேரத்தில் டயர் விற்பான்.

"குழாய் போடறது பெரிய விஷயமில்ல வில்மா. ஆனா பழைய நாலடிக் குழாய் இப்பச் செல்லாது. ஓடை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம் வேணும்னு மாநிலம் சொல்லுது. மீன் நீந்தணுமாம்."

"என் புருஷன் எப்படி வர்றதாம்? அவனும் நீந்தியா?"

"நான் சொல்லல. சட்டம் சொல்லுது."

சட்டம் செய்தவனைப் பிடிப்பது அந்த ஊரில் கஷ்டமே இல்லை. சட்டசபை உறுப்பினர் ஆர்லின் கட்டிங், சபை நடக்காத மாதங்களில் பால் கறப்பான். தீவனக் கடையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவனை வில்மா மடக்கினாள்.

"நல்ல எண்ணத்துலதான் வில்மா அந்தச் சட்டத்தைப் போட்டோம். சின்னக் குழாய் போட்டா அடுத்த வெள்ளத்துல மறுபடியும் போகும். ஆனா பாரு, சட்டம் போடறதோட என் வேலை முடிஞ்சுது. அனுமதி குடுக்கறது மாநிலத்தை நடத்தற கவர்னர் பக்கம். அதுல நான் கை வைக்கக் கூடாது."

கவர்னர் பக்கம் போன் செய்தால், இனிமையான குரலில் ஒரு பெண், விண்ணப்பம் வரிசையில் இருக்கிறது என்றாள். ஓடை கடைசியில் பெரிய ஆற்றில் கலப்பதால் மத்திய அரசின் நீர்ப் பொறியாளர்களும் பார்க்க வேண்டுமாம். மத்திய அரசின் வெள்ள நிவாரணக்காரன் ஒருத்தன் நேரிலேயே வந்தான், பள்ளத்தைப் பத்துப் படம் எடுத்தான், முகத்தில் உண்மையான வருத்தத்தோடு நின்றான்.

"நாங்க ஊருக்கு நேரா எதுவும் செய்ய முடியாது மேடம். ஊர் மாநிலத்துக்கிட்ட கேட்கணும், மாநிலம் எங்ககிட்ட கேட்கணும்."

"நீங்க எனக்கு முன்னாடிதானே நிக்கிறீங்க?"

"ஆமாம் மேடம். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கோர்ட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தாள். மாவட்டத் தலைநகரில் இருந்த நீதிமன்ற எழுத்தர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு இல்லைன்னு சொன்னது யாரு?"

வில்மா யோசித்தாள். லைமன் இல்லை என்று சொல்லவில்லை. ஆர்லின் சொல்லவில்லை. போனில் பேசிய இனிமைக்காரி சொல்லவில்லை. மத்திய அரசுக்காரன் கிட்டத்தட்ட அழுதே விட்டான்.

"யாரும் சொல்லல."

"அப்ப நீதிபதி எதை விசாரிப்பார்? யாராவது மறுத்து எழுத்துல குடுத்தா எடுத்துட்டு வாங்க."

இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டுக்காரர்கள் ஒரு ராஜாவை விரட்டினார்கள். இன்னொரு ராஜா முளைத்துவிடக் கூடாதே என்ற பயத்தில், அதிகாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஊருக்குக் கொஞ்சம், மாநிலத்துக்குக் கொஞ்சம், தலைநகருக்குக் கொஞ்சம் என்று பந்தி வைத்தார்கள். ஒவ்வொரு துண்டையும் மறுபடி மூன்றாக்கினார்கள்: ஒருத்தன் எழுதுவான், ஒருத்தன் செய்வான், ஒருத்தன் தப்பா சரியா என்பான். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றார்கள்? ராஜா வரவில்லை. வில்மா வீட்டுக்கு எர்லும் வரவில்லை.

குளிர்காலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வில்மா பலகையில் நடந்து ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு மேவிஸ் வீட்டுக்குப் போவாள். முதலில் எல்லாம் எர்ல் கதவு திறந்ததும் "ரோடு என்ன ஆச்சு?" என்பான். கிறிஸ்துமஸ் வரை கேட்டான். ஜனவரியில் கேட்பதை நிறுத்திவிட்டான். சோபாவை "என் கட்டில்" என்று சொல்லத் தொடங்கினான். இந்த வசந்தத்துக்குள் அவனை வீட்டுக்குக் கொண்டுவராவிட்டால் அப்புறம் அவன் வரவே போவதில்லை என்று அவளுக்குப் பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. குழுக் கூட்டத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் போய் நின்று கத்தினாள்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். அந்த வட்டாரத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே ஒரே கூடத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கி எல்லாவற்றையும் முடிவு செய்யும். மத்தியானம் பீன்ஸும் பன்றி இறைச்சியும் ஆப்பிள் பை என்ற பலகாரமும் சாப்பிடும். ஓரத்தில் திரைக்குப் பின்னால் பதவிகளுக்கு வாக்குச் சீட்டு. ஊர்ச் சாலைகளைப் பார்க்கும் ரோடு கமிஷனர் பதவி மூன்று மாதமாகக் காலி; அந்த வருஷம் அதற்கு யாருமே நிற்கவில்லை. வெள்ளம் வந்த வருஷத்தில் எவன் நிற்பான்? பெயர் இல்லாத பதவிக்குச் சீட்டில் ஒரு கோடு மட்டும் இருக்கும். இஷ்டப்பட்ட பெயரை எழுதிக்கொள்ளலாம். சில வருஷம் ஜனங்கள் தங்கள் நாயின் பெயரை எழுதுவார்கள்.

அந்த வருஷம் எழுபத்தொரு பேர் வில்மா ப்ரௌட்டி என்று எழுதியிருந்தார்கள்.

எண்ணிக்கையை வாசித்ததும் கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "இவ்வளவு நாள் கத்தினே இல்ல, இப்ப நீயே போடு!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கூவினான். கேலிதான். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வில்மா எழுந்து, கையில் இருந்த ஆப்பிள் பைத் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

அவளுக்கு அந்த வேலை வந்தது. அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. பனி உருகி மண் சாலையெல்லாம் கூழாகும் மாதம் அது. இருநூறு பிள்ளைகளுக்கு ஒன்றே கால் மணி நேரத்தில் சாப்பாடு போட்டவளுக்கு எந்தச் சாலைக்கு முதலில் ஜல்லி என்று வரிசை போடுவது ஒரு விஷயமா? ஊர் லாரியை ஓட்டும் ரஸ்டி, ஆறாம் வகுப்பில் அவளிடம் கரண்டியடி வாங்கியவன். இப்போது "பாஸ், பாஸ்" என்று பின்னாலேயே வந்தான். ஆறு வாரத்தில் ஒன்பது சாலை சரியானது. போனை எடுத்து, "முடியும்" அல்லது "முடியாது, காரணம் இது" என்று சொல்லும் அதிகாரியை ஹாரிங்ஃபோர்ட் அதுவரை பார்த்ததில்லை. கேலிக்கு எழுதியவர்களே தபால் நிலையத்தில் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் அனுமதி வந்தது. மாநிலம் சரி, மத்திய அரசு சரி, மீனுக்கும் சரி. அடுத்த திங்கட்கிழமை ஒன்பதடிக் குழாய் லாரியில் வந்து ஊர்க் கொட்டகை முற்றத்தில் இறங்கியது. வில்மா போய் அதைக் கையால் தட்டிப் பார்த்தாள். அப்புறம் மேசையில் உட்கார்ந்து தன் சாலைக்கான வேலை உத்தரவை எழுதினாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான். லைமன் அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"இதுல நீ கையெழுத்துப் போடக் கூடாது வில்மா. உன் சொந்த ரோடு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கமிஷனர் தன் வீட்டு வாசலுக்கு மட்டும் தார் போட்டுக்கிட்டான்ல, அப்ப ஊர் போட்ட விதி."

"சரி. நீங்க மூணு பேரும் போடுங்க."

"கமிஷனர் எழுதிக் கேட்காம குழு உத்தரவு போடக் கூடாது. அதுவும் அதே விதியிலதான் இருக்கு."

"நான் எழுதக் கூடாது. நான் எழுதாம நீங்க போடக் கூடாது."

"ஆமாம்."

"லைமன், உனக்குக் கேட்குதா நீ என்ன பேசறேன்னு?"

"கேட்குது" என்றான் லைமன் பரிதாபமாக. "அடுத்த மார்ச் ஊர்க்கூட்டத்துல விதியை மாத்திடலாம்."

அடுத்த மார்ச்! இன்னும் பத்து மாதம், இன்னொரு குளிர்காலம், அந்தச் சோபா. ஊரில் எல்லாருடைய சாலையையும் போட அவளுக்கு அதிகாரம் உண்டு, தன் புருஷன் வரவேண்டிய சாலையைத் தவிர.

மறு புதன்கிழமை குழுக் கூட்டத்தில் அவள் கத்தவில்லை. அதுவே மூன்று பேருக்கும் பயத்தைக் கொடுத்தது.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள். "போன வருஷம் பழைய கமிஷனர் விட்டுட்டுப் போனப்புறம் மூணு மாசம் ஆளே இல்லையே. அப்ப வேலை உத்தரவுல யார் கையெழுத்துப் போட்டா?"

"நாங்கதான்" என்றான் லைமன். "பதவி காலியா இருந்தா குழுவே கமிஷனர். அது விதியிலேயே..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"ஒரு தாள் குடு" என்றாள் வில்மா.

"வேண்டாம் பாஸ்" என்றான் கதவோரம் நின்ற ரஸ்டி. "இன்னும் நாலு ரோடு பாக்கி இருக்கு. உங்கள விட்டா எவன் பார்ப்பான்?"

அவளுக்குத் தெரியும். எந்த நாலு சாலை, எந்த வளைவில் தண்ணீர் நிற்கிறது என்பது வரை தெரியும். அந்த வேலையை விட அவளுக்கு மனசே இல்லை. "ராஜினாமா செய்கிறேன்" என்று இரண்டே சொல்லில் எழுதி, தேதி போட்டு, லைமன் பக்கம் தள்ளினாள். மூவரும் கையைத் தூக்கி ஏற்றுக்கொண்டார்கள். பதவி காலி. மறு நிமிஷம் அதே மூவரும் கமிஷனராக மாறி வேலை உத்தரவைக் கேட்டு எழுதி, உடனே குழுவாக மாறி அதற்குச் சம்மதம் தெரிவித்தார்கள். பத்து மாதம் மூன்று அரசாங்கம் சுமந்த காரியம் நாலு நிமிஷத்தில் முடிந்தது. வில்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாற்காலியைத் தூக்கி எவன் மேலாவது போடலாம் போலத்தான் வந்தது.

ரஸ்டி இரண்டு நாளில் குழாயைப் பதித்து மண் மூடி ஜல்லி பரப்பினான். சனிக்கிழமை மேவிஸின் கார் எர்லை ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கி நான்கு படி ஏறுவதற்குள் அவன் இரண்டு தடவை நின்றான். ஜூலையில் அந்தப் படியை ஒரே மூச்சில் இறங்கிப் போனவன். உள்ளே வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தும், தன் வீட்டு வெளிச்சத்தில்தான் வில்மாவுக்கு அது கண்ணில் பட்டது.

அவன் முன்னால் காபியை வைத்தாள். எதிரில் உட்கார்ந்து அவன் கழுத்தையே பார்த்தாள்.

"என்ன வில்மா? வந்துட்டேன்ல?"

"பத்து மாசம் எர்ல்" என்றாள். "உன் பத்து மாசத்த எடுத்துக்கிட்டானுங்க. அத எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கறது?"

எர்ல் காபியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு வாய் குடித்தான்.

"கேட்டுப் பாரேன்" என்றான். "யாரும் இல்லைன்னு சொல்லமாட்டாங்க."