ஒன்பதாம் பெட்டுக்குப் போட்ட இன்சுலின்

தாம்பரம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து ஊரப்பாக்கம் போகும் ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். பெருங்களத்தூர் தாண்டியதும் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மணிக்கு ஒன்பதாம் பெட்டுக்கு இன்சுலின் போட்டிருந்தேன். அவருக்கோ காலையில் வயிற்று ஸ்கேன். "பச்சத் தண்ணிகூட குடிக்காதீங்க" என்று சொன்னவளும் நான்தான்.

சாப்பிடாதவருக்கு இன்சுலின் போட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. ஃபர்ஸ்ட் இயர் பாடம். பதினான்கு வருட சர்வீஸில் மணி ஏழானால் கை தானாக சிரிஞ்சை எடுத்துவிடும். காலை டியூட்டிக்கு வந்தவளிடம் ஹேண்ட் ஓவர் கொடுத்தபோதும் சொல்லவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், நான் உடனே போன் செய்யவில்லை. முன்பு இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு டோஸ் தாமதமானாலே பேஷன்ட் எதிரில் நிற்க வைத்துத் திட்டுவார்கள். அதனால் தப்பை அமுக்கிவிடப் பழகியிருந்தோம். அந்தப் புத்தி வண்டலூர் வரை என் கையைப் பிடித்து வைத்திருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வண்டலூரில் இறங்கி வார்டுக்குப் போன் அடித்தேன். காலை டியூட்டி ஸ்டெல்லா எடுத்தாள்.

"ஸ்டெல்லா, நைன்த் பெட்டுக்கு இன்சுலின் போட்டுட்டேன். ஸ்கேன் கேஸ், சாப்பிடல."

"ஐயோ! வைங்கக்கா, பாத்துட்டு கூப்பிடறேன்."

எதிர் ரயிலில் ஏறினேன். தாம்பரத்தில் இறங்கும்போது போன் வந்தது.

"சுகர் ஐம்பத்திரண்டுக்கா, வேர்த்துக் கொட்டிடுச்சு. டாக்டர் குளுக்கோஸ் ஏத்திட்டாரு. இப்ப நார்மல். பேஷன்ட் எங்களைத் திட்டுறாரு, நல்லாயிட்டாருன்னு அர்த்தம்."

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நேராக வார்டுக்குப் போனேன். ஒன்பதாம் பெட்காரர் திருமுடிவாக்கத்தில் லேத் மெஷின் ஓட்டுபவர். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னா சிஸ்டர், துன்னாதன்னு சொல்ட்டு ஊசியும் போட்டுட்டியாமே!"

"தப்பு என்னோடதுதான் சார். மன்னிச்சிடுங்க."

"சரி வுடு. ஸ்கேன் நாளைக்காம். நாலு இட்லி குடுக்கச் சொல்லு."

அடுத்து மேட்ரன் அறை. அவர் நாற்காலியைக் காட்டினார். "நீ போன் பண்ணதாலதான் பொழச்சாரு. டீ குடிச்சிட்டு நடந்ததை இன்சிடென்ட் ஃபார்ம்ல எழுது."

அப்பாடா என்றிருந்தது. அந்த வாரமே, டிபன் தட்டு பெட்டுக்கு வந்த பிறகுதான் இன்சுலின் என்று ரூல் போட்டார். என் பெயரை எந்த மீட்டிங்கிலும் சொல்லவில்லை. ரிடையர் ஆகும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

வேலை தேடும் சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்வேன். சேரும் முன் அங்கிருக்கும் நர்ஸ் ஒருத்தியிடம், "இங்க தப்பு பண்ணிட்டா யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லாமல் அக்கம்பக்கம் பார்த்தால், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.