கன்னியம்மாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள்

இந்தக் காலத்தில் செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டால், நிலா என்றுதான் சொல்வேன். சிரிக்க வேண்டாம். சென்னையில் ஏசி ஓடும் ஓர் ஆபீசில் உட்கார்ந்து, அவள் அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அமெரிக்காவில் இருக்கிறவன்கூட மூச்சு வாங்காமல் ராஜகிரி ஏறிவிடலாம்.

நிலா இருளர் வீட்டுப் பெண். இளையபெருமாளும் பூவாயியும் செங்கல் சூளையில் வெந்து படிக்க வைத்த பிள்ளை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுக் கேம்களுக்குச் சுவரும் பீப்பாயும் செய்துகொண்டிருந்தாள். எவனோ சுட்டு உடைப்பதற்கான பீப்பாய். சொந்த ஊர்க் கோட்டை வேலை வந்ததும் டீம் லீடர் மதுமிதாவிடம் வலியப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

டிரோன் எடுத்த படங்களில் மலை இருந்தது, மதில் இருந்தது, இருளர் சாமி மட்டும் இல்லை. கோட்டைக்கு வெளியே, ஏரியைத் தாண்டி, முள்ளுப்புதர் மூடிய பாறை இடுக்கில் ஏழு கற்கள். அதுதான் கன்னியம்மா. கூரை போடக் கூடாது, பூட்டுப் போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் புதர். நிலாவுக்குச் சுருக்கென்றது. ராஜாவின் குதிரைக்கு லாயம் உண்டு, அந்த மலையிலேயே தேன் எடுத்துப் பிழைத்த ஜனங்களுக்கு ஒரு மூலை கிடையாதா?

ஊருக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றிப் போனில் படமெடுத்தாள். புதருக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதையைக்கூட வளைவு மாறாமல் செய்தாள். 'இருளர் கன்னியம்மா' என்று சின்னதாக ஒரு பலகையும் வைத்தாள். மதுமிதா தட்டிக்கொடுத்தாள். நிலா வீட்டுக்கு எடுத்து வந்து ஹெட்செட்டை மாட்டிவிட்டபோது இளையபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார். பூவாயி அழுதேவிட்டாள். மகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊரானுக்கெல்லாம் வழி காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை.

கோட்டை ஆப் வெளியானதும் முதலில் ரீல்ஸ் எடுக்கிறவர்கள் வந்தார்கள். அடுத்து ரங்கநாதன் வந்தான். மனை விற்கிறவன். கிடைத்தற்கரிய பழைய சாமி என்று ஊரெல்லாம் சொல்லி, கமிட்டி போட்டு, வசூல் செய்து, ஜேசிபியை விட்டுப் புதரை வழித்தான். ஏழு கற்களையும் கான்கிரீட்டுக்குள் வைத்துப் பூசி, அதன்மேல் வழவழவென்று ஏழு சிலைகள். டைல்ஸ் தரை, தகரக் கூரை, இரும்புக் கேட். எதிரிலேயே மனை விற்பனை போர்டு.

பூவாயி விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கற்களுக்குத் தன் கையால் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள். கேட்டில் நின்ற ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அங்கருந்தே கும்புட்டுக்க. உள்ள வந்து எதையும் தொடாத."

செய்தி கேட்டு ஓடிவந்த நிலா தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள். இடம் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டார். ஆப்பைத் திறந்து காட்டினாள். இதெல்லாம் நீயே கம்ப்யூட்டரில் செய்ததுதானே என்று அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யார்மேல் எரிந்து விழுவது?

அம்மாவாவது திட்டித் தீர்ப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"ஒன்ன இன்னா சொல்றது," என்றாள் பூவாயி. "நானுந்தான பாத்துப் பூரிச்சேன்."

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் மதுமிதா கூப்பிட்டாள். புதுக் கோயிலை ஆப்பில் ஏற்ற வேண்டுமாம், பழைய கற்களை எடுத்துவிட வேண்டுமாம். நிலா கெஞ்சிப் பார்த்தாள். பழையது இப்படி இருந்தது என்று ஓர் ஓரத்திலாவது காட்டலாமே என்றாள். இருப்பதைத்தானே காட்ட வேண்டும், துல்லியம் துல்லியம் என்று நீதானே உயிரை வாங்குவாய் என்றாள் மதுமிதா. வேலையை உதறிவிட்டு வரும் நிலையில் வீடு இல்லை.

ஏழு கற்களையும் தன் கையாலேயே அழித்தாள். டைல்ஸ் பதித்தாள், கூரை போட்டாள், கேட்டை மாட்டினாள். கோயில் வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் உள்ளே நாலைந்து பக்தர்களை நிறுத்தினாள். கேட்டுக்கு வெளியே ஒரு பெண்ணை நிறுத்தினாள். வெளுத்த சேலை, கையில் விளக்கு.

மதுமிதாவுக்குப் பிடித்திருந்தது. போனில் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"வெளிய நிக்கற அம்மாவை மட்டும் உள்ள நகர்த்திடு, நிலா. பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

"உள்ள விடமாட்டாங்க மேடம்."



"அப்ப எடுத்துடு."

நிலா எடுக்கவில்லை. அப்டேட் வெளியான அன்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கேட்வரை போய்ப் பார்த்தாள். வேறு யாரோ எடுத்திருந்தார்கள்.