மல்லாட்டைக்காரம்மாவின் மூக்கு

விழுப்புரத்தில் காது மூக்கு தொண்டை மேற்படிப்புக்குச் சேர்ந்த புதிதில், நோயாளி உட்காருவதற்குள் நோயைச் சொல்லிவிடும் அவசரம் எனக்கு. மூக்கடைப்பு என்று வந்த அந்த அம்மாவுக்கும் டார்ச் அடித்துப் பார்த்த கையோடு, சாதாரணச் சதை வளர்ச்சி, ‘பாலிப்’ என்று சீட்டில் எழுதிவிட்டேன்.

அவர் திண்டிவனத்தில் தள்ளுவண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்பவர். மணலில் புரளும் மல்லாட்டையின் பதத்தை அவருக்கு மூக்குதான் சொல்லும். ஆறு மாதமாக வாசனையே தெரியவில்லை.

“தெனம் ஒரு சட்டி கருகிக்கினு போவுது டாக்டரம்மா. இவரு வறுத்தா பச்சையாவே கெடக்குது.”

“நான் வறுத்ததுக்கு நாலு பேரு திரும்பி வந்தாங்க,” என்றார் கூட வந்த கணவர்.

“ஆமா, சண்டைக்கு.”

சிரித்துக்கொண்டே மெல்லிய கம்பியால் கட்டியைத் தொட்டேன். சிரிப்பு நின்றது. பாலிப் நுங்குபோல வழுக்கும். இது வேகாத கிழங்குபோல நின்றது. அதுவும் வலது பக்கம் மட்டும். எழுதியதை அடித்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினேன்.

வலது மூக்கை அடைத்து, நடுச்சுவரையும் இடப்பக்கம் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கட்டி. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை, “கேன்சர் இல்லியே டாக்டரம்மா?” என்று கணவர் தினமும் ஃபோன் செய்தார்.

இல்லை. ஸ்வானோமா, நரம்பின் உறையில் முளைக்கும், புற்றில்லாத கட்டி. மூக்குக்குள் வருவது அபூர்வம்.

“உங்களுக்கு ரொம்ப அபூர்வமான கட்டிங்க!” என்றேன், பரிசு விழுந்ததுபோல.

“அத நீங்களே வச்சிக்கோங்க. வாசனை வருமா?”

“வரலாம். உறுதியா சொல்ல முடியாதுங்க.”

முகத்தில் ஒரு கீறல் இல்லாமல், மூக்குத் துளை வழியே கேமரா விட்டுக் கட்டியை முழுதாக எடுத்தார் எங்கள் பேராசிரியர். லென்ஸ் மங்காமல் தண்ணீர் பீய்ச்சியது நான். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். உள்ளே நன்றாக ஆறியிருந்தது.

“வாசனை?”

“இருக்கிற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது.”

இத்தனை நாளும் வண்டியைப் பார்த்துக்கொண்ட கணவர், எனக்காக வறுத்துக் கொண்டுவந்த மல்லாட்டைப் பொட்டலத்தை அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த மேசையில் பிரித்தார். என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

“யோவ், கருக்கிக்கினு வந்துட்டியா? இதையா டாக்டரம்மாக்குக் குடுக்குற?”

கணவர் முகமெல்லாம் சிரிப்பு. “இன்னொரு தபா திட்டு!”

முகக்கவசத்தை இறக்கி ஒன்றை வாயில் போட்டேன். கருகல்தான். அதற்குப் பிறகே சீட்டில் எழுதினேன்: ‘வாசனை தெரிகிறது.’