எடெல்காவுக்கு மட்டும் தெரிந்த வெளிச்சம்

எங்கள் சுரங்க ஊரான ஃபிராங்க்ளினில் கல் பைத்தியம் பிடிக்காத ஒரே மனுஷி எடெல்கா ஹார்ஷானிதான். துத்தநாகச் சுரங்கத்தை மூடிய பிறகும் அதன் கழிவுக் குன்றில் ஞாயிறு தவறாமல் யாராவது குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தக் கற்கள் பச்சையாகவும் தணல் சிவப்பாகவும் ஒளிரும். எடெல்காவின் கணவர் தெஜோ சுரங்கத்தில் துளை போடும் வேலை பார்த்தவர். வீட்டில் இடம் போதாமல் குளியல் தொட்டியிலும் கல்லை நிரப்பி வைத்திருந்தார்.

“நான் குளிக்கணும். உன் பொண்டாட்டிங்களை எல்லாம் வெளிய எடு,” என்று எடெல்கா சொல்வது பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

“உனக்கு ரசனை கிடையாதுடி.”

“இருந்திருந்தா உன்னைக் கட்டியிருப்பேனா?”

வந்தவர்களைத் தெஜோ சும்மா அனுப்ப மாட்டார். கசகசா ரோலைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். வாயில் பண்டம் இருப்பவன் எழுந்து போக மாட்டான் என்ற கணக்கு. பக்கத்து வீட்டு யோலி நானும் தப்பவில்லை.

“யோலி, நீயே கேளு. ரேடியோ, அடுப்பு அனல், நாம பார்க்கிற வெளிச்சம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே, எல்லாம் ஒரே குடும்பம். எல்லாமே அலை. நீளம்தான் வேற வேற. ரேடியோ அலை ஒண்ணு இந்த வீட்டை விட நீளமா இருக்கும். எக்ஸ்ரே அலை கண்ணுக்கே அகப்படாத பொடி. நடுவுல சிவப்புலேர்ந்து ஊதா வரைக்கும் ஒரு கீத்து, அவ்வளவுதான் நமக்கு. ஊதாவைத் தாண்டினா என் விளக்கு. அங்க மனுஷக் கண்ணு போகவே போகாது.”

“மனுஷக் காதாவது கொஞ்சம் தப்பிக்குதா பாரு,” என்பார் உள்ளேயிருந்து எடெல்கா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் எடெல்காவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அப்போதெல்லாம் கண்ணுக்குள் மங்கிய வில்லையை, அதாவது லென்ஸை, எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடியை மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். வந்த முதல் நாளே எடெல்கா சமையலறையைச் சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“உன் மூஞ்சியில இத்தனை சுருக்கமா? யாருமே எங்கிட்டச் சொல்லலையே.”

அந்த இலையுதிர் காலத்தில் தேவாலயக் கூடத்தில் கல் சங்கத்தின் காட்சி நடந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். முட்டைக்கோஸ் சுருள் பரிமாற வந்த எடெல்காவையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தோம். தெஜோ மின்விளக்கை அணைத்துத் தன் கறுப்புக் கண்ணாடி விளக்கைப் போட்டார். எங்களுக்குக் குழலில் மங்கலாய் ஓர் ஊதாக் கோடு தெரிந்தது. மற்றபடி கும்மிருட்டு. மேசை மேல் கற்கள் பச்சையாய் எழுந்தன. எல்லோரும் ஆவென்று வாய் பிளந்தோம்.

“ஏன்ப்பா, அந்தப் பெரிய விளக்கை யாராவது அணைங்களேன்,” என்றார் எடெல்கா. “கண்ணு கூசுது. கல்லு எங்க தெரியும்?”

கூடம் சிரித்தது. தெஜோ சிரிக்கவில்லை. தன் காட்சியைக் கெடுக்கவே சொல்கிறாள் என்று நினைத்தார்.

“வம்பு பண்ணாதடி. இந்த விளக்கு யார் கண்ணுக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுதே. சுவரெல்லாம் வெளுத்துக் கிடக்கு.”

சோதித்தே தீர வேண்டும் என்றார் தெஜோ. கற்களை மூடினோம். எங்களைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, விளக்கைத் தன் மேல் படும்படி திருப்பி வைத்து, எடெல்காவைப் பார்த்து நின்றார். தேவாலயச் சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நான் அவர் பக்கத்தில் நின்று, எடெல்கா சொன்ன பிறகு கையால் தடவிச் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

“இது என்ன?”

“கரண்டி.”

தடவிப் பார்த்தேன். கரண்டிதான்.

“இது?”

“அலுமினிய மூடி. கைப்பிடி உடைஞ்சது.”

அதுவும் சரி. தெஜோ மூடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“இப்போ?”

“இப்போ கையில ஒண்ணும் இல்ல. நாக்கைத் துருத்துற. வயசுக்கு ஏத்த வேலையைப் பண்ணு.”

மின்விளக்கை மறுபடி போட்டபோது தெஜோவின் காது சிவந்திருந்தது.

அறுவை செய்த டாக்டர் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கண்ணின் வில்லைதான் அந்த ஒளியை வடிகட்டித் தடுக்கிறது, அதை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் விழித்திரைக்கு ஊதாவுக்கு அப்பாலும் கொஞ்சம் தெரியும் என்றார். விழித்திரைக்கு அது நல்லதல்ல, விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

“இத்தனை வருஷமா என் கண்ணுல திரை போட்டா வச்சிருந்தீங்க?” என்றார் எடெல்கா, ஏதோ டாக்டரே மாட்டியது மாதிரி.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சங்கத்துக்காரர்கள் தங்கள் விளக்கு சக்தி இழந்துவிட்டதா என்று கேட்டு வாசலில் நின்றார்கள். எடெல்கா ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, “இது செத்துப் போச்சு, புதைச்சிடு,” என்பார். அடுத்த தேர்தலில் சங்கத் தலைவி ஆனார். செயலாளர் தெஜோ. ஒரு கல்லின் பெயராவது தலைவிக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

தெஜோவுக்குத்தான் ஆற்றாமை. அப்பம் சாப்பிடும்போதும் விடமாட்டார்.

“அந்த வெளிச்சம் என்ன நிறம்? சரியாச் சொல்லு.”

“பால்ல நீலம் ஒரு சொட்டு விட்ட மாதிரி.”

“போன வாரம் ஊதான்னு சொன்ன.”

“போன வாரம் நீ என்னைக் கோபப்படுத்தியிருந்தே.”

எண்பதுகளின் கடைசியில் தெஜோவுக்கும் புரை விழுந்தது. ஊரிலேயே அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே நோயாளி அவர்தான். ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. இப்போது உள்ளேயே பிளாஸ்டிக் வில்லை வைத்துவிடுகிறோம், அது புற ஊதாவைத் தடுத்துக் கண்ணைக் காக்கும் என்றார் புது டாக்டர். வெறுமனே விட்டுவிடும்படி தெஜோ கெஞ்சினார். டாக்டர் மசியவில்லை.

கட்டு அவிழ்த்த மறுநாள் நான் சூப் கொண்டு போனேன். பகலிலேயே திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, இருவரும் கற்கள் மேல் புற ஊதா விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“புதுசா எதுவும் தெரியல,” என்றார் தெஜோ. “பழைய ஊதாக் கோடுதான்.”

கேலிக்காகக் காத்திருந்தேன். எடெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெருசா ஒண்ணும் இல்லய்யா. சுவர்தான் வெளுப்பாத் தெரியும். சுவரைப் பார்த்து என்ன பண்ண? உன் கல்லுதான் அழகு.”

தெஜோ சந்தேகத்தோடு திரும்பினார். “எந்தக் கல்லு?”

“அதான், அந்தப் பச்சை.”

“இங்க இருக்கிறதெல்லாம் பச்சைதான்.”

“அப்போ எல்லாமே அழகுன்னு வச்சுக்கோ. யோலி, சூப் ஆறுது, அந்தத் திரையை விலக்கும்மா.”